தெருமுனை வரை ஒரு பறவை நடை

பறவை பார்க்க பைனாகுலர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதல் சில மாதங்களுக்கு வேண்டவே வேண்டாம். கேமராவும் வேண்டாம், விடியற்காலையில் கார் பிடித்து வேடந்தாங்கல் போகவும் வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்வர முடிந்தால் போதும். அதுவும் முடியாத நாளில் மொட்டைமாடி இருக்கிறது.

பறவை நோக்குபவர்கள் ‘பேட்ச்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். வீட்டிலிருந்து நடந்து போய்த் திரும்பக்கூடிய ஒரு சின்ன வட்டாரம். நாலைந்து தெரு, ஒரு காலி மனை, முடிந்தால் ஒரு குளமோ ஏரிக்கரையோ. அதையே வாரம் தவறாமல், ஒரே வழியில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுற்றி வந்து, என்ன பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்ப்பது. விஷயம் அவ்வளவுதான். புதுப் பறவை வேண்டும் என்று ஊர் ஊராக அலைவது ஒரு வகை. இது அதற்கு நேர் எதிர். வழி மாறாது, நேரம் மாறாது. அதனால் மாறுகிற சின்ன விஷயம்கூட உடனே கண்ணில் படும்.

மனம் கலங்கிக் கிடக்கிற காலத்துக்கு இது ஏன் ஒத்துவருகிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன். வேலை போய்விடுமோ என்கிற பயம், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாதது, டிவியைப் போட்டால் வயிற்றைக் கலக்கும் செய்தி என்று எதுவாக இருந்தாலும், அப்போது நாள்களெல்லாம் ஒன்றுபோலவே ஆகிவிடும். செவ்வாயா புதனா என்று தெரியாது. ஆனால் தெருவில் இன்னொரு நாட்காட்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சித்திரையில் குயில் தொண்டை கிழியக் கத்தும். கோடை முடிகிற நேரத்தில் மின்கம்பியில் உட்கார்ந்து காகம் குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி மழையோடு தகைவிலான் கூட்டம் அதே கம்பியில் வரிசையாக உட்காரும். நம் செய்தி எதுவும் அவற்றுக்கு எட்டியிருக்காது.

2020-இல் நடந்தது

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. காய்கறிக்கும் மருந்துக்கும் தவிர யாரும் வெளியே வரக்கூடாது. சில நாளிலேயே மொட்டைமாடிகளில் ஆள் நடமாட்டம் கூடியது. “நம்ம தெருவுல இவ்வளவு பறவை இருக்கா?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பறவைகள் ஊருக்குள் திரும்பி வந்துவிட்டன என்று வாட்ஸப்பில் படம் படமாகப் பறந்தது.

பெரும்பாலும் அவை எங்கிருந்தும் திரும்பி வந்தவை அல்ல. முன்பும் இங்கேதான் இருந்தன. மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான். ஒன்று, சத்தம் நின்றது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், தலையில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு சிட்டின் பாட்டைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவந்த ஆய்வாளர்கள் அந்தக் கோடையில் மறுபடியும் பதிவு செய்தார்கள். நகரத்துப் போக்குவரத்து 1950-களின் அளவுக்கு இறங்கியிருந்தது. சிட்டுகள் முன்பைவிட மெதுவாகத்தான் பாடின. ஆனாலும் அந்தப் பாட்டு முன்பு எட்டிய தூரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு எட்டியது. கத்திப் பேச வேண்டிய அவசியம் போனதும் பாட்டில் நயமும் கூடியது. இதை ‘சயின்ஸ்’ இதழ் அதே ஆண்டு வெளியிட்டது.

இரண்டாவது, பருவம். நம் ஊரில் ஊரடங்கு வந்து விழுந்ததே பங்குனி, சித்திரையில். குயிலும் குக்குறுவானும் வாய் ஓயாமல் கத்துகிற மாதங்கள் அவை. ஊரடங்கு கார்த்திகை மழையில் வந்திருந்தால் இந்த வாட்ஸப் படங்களில் பாதி வந்திருக்காது. மூன்றாவது காரணம் நாம்தான். காலை ஏழு மணிக்கு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடாமல், மாடியில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தோம்.

எப்படி நடப்பது

பேட்ச் சுற்றுகிறவருக்கு வாக்கிங் போகிறவரின் வேகம் உதவாது. கையை வீசிக்கொண்டு பத்தாயிரம் அடி கணக்குப் பார்ப்பவருக்குக் காகம் தவிர எதுவும் தெரியாது. நூறு அடி நடந்தால் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்பது நடக்க நடக்கத் தெரியும். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் போவது நல்லது. போகும்போது வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி வழியை வைத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்கு எதிரே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

முதல் நிறுத்தம் முருங்கை மரம். பூத்திருந்தால் தேன்சிட்டு கட்டாயம் இருக்கும். வெயில் படாதபோது வெறும் கறுப்பாகத் தெரிகிற ஆண் ஊதாத் தேன்சிட்டு, தலையைத் திருப்பி வெளிச்சம் பட்டதும் மயில்கழுத்து நிறத்தில் மின்னும். பக்கத்திலேயே செம்பருத்திச் செடி இருந்தால் தையல்சிட்டு. கைக்குள் அடங்குகிற உடம்பு, தெருவுக்கே கேட்கிற குரல். சின்னக் குருவிதான் பெரிய சத்தம் போடும் என்பதைப் பழகிக்கொள்ள வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் சத்தம் வந்த இடத்தில் பெரிய பறவையைத் தேடி ஏமாறுவார்கள்.

ஆலமரமோ அத்தியோ இருந்தால் அதன் கீழே நின்று காதைக் கொடுங்கள். டொங்க், டொங்க் என்று செம்புப் பாத்திரம் தட்டுகிற மாதிரி ஒரே சீராக ஒலித்தால் அது செம்மார்புக் குக்குறுவான். நெற்றியில் சிவப்பும் உடம்பில் பச்சையுமாக, இலைக்கு நடுவே கண்டுபிடிக்கவே முடியாது. உச்சியில் பட்டுப்போன கிளை ஏதாவது இருந்தால் அங்கே தேடுங்கள். அதில்தான் உட்கார்ந்து கத்தும். பனைமரம் மிச்சமிருக்கிற தெரு என்றால் அதைச் சுற்றிப் பனை உழவாரன் பறந்துகொண்டிருக்கும். தொங்கும் காய்ந்த பனையோலையின் அடிப்புறத்தில் எச்சிலால் கூட்டை ஒட்டி வைக்கிற பறவை அது. ‘சுத்தம் செய்கிறோம்’ என்று காய்ந்த ஓலையையெல்லாம் வெட்டிவிடும் குடியிருப்புகளில் அதற்கு இடமில்லை.

நான் அதிக நேரம் நிற்பது டிரான்ஸ்பார்மர் பக்கத்து மின்கம்பியின் கீழே. அங்கே ஒரு கரிச்சான் இருக்கும். இரட்டைவால் குருவி என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். மைனாவைவிட ஒல்லி, முழுக் கறுப்பு, வால்நுனி இரண்டாகப் பிரிந்து வெளிப்புறம் வளைந்திருக்கும். பத்து நிமிடம் அதையே பாருங்கள். கம்பியிலிருந்து கிளம்பும், காற்றில் ஒரு சுழல் சுழன்று பூச்சியைப் பிடிக்கும், மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் வால் ஒரு வெட்டு வெட்டும். அந்த வழியாகப் பருந்து போனால் விடாது. தன்னைப்போல் பல மடங்கு பெரிய பறவையின் முதுகுக்கு மேலேயே பறந்து கொத்தித் துரத்திவிட்டு வரும். இந்தக் காவல் இருப்பதால் மற்றக் குருவிகள் அதன் கூட்டுக்குப் பக்கத்தில் கூடு கட்டுவதுண்டு. ஆனால் நல்லவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வல்லூறு போலக் குரல் கொடுத்து மைனாக்களைக் கிலி பிடித்து ஓடவைத்து, அவை விட்டுப்போன இரையை எடுத்துக்கொள்கிற வேலையும் அதற்குத் தெரியும்.

காலி மனையில் செம்போத்து, குப்பைத்தொட்டியில் மைனாவும் உண்ணிக்கொக்கும், செல்போன் டவரில் பருந்து. இவையெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

காகத்திலிருந்து தொடங்குங்கள்

பறவைப் பெயர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண்வேலை. மூன்று பறவையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: சிட்டுக்குருவி, மைனா, காகம். புதிதாக எதைப் பார்த்தாலும், மைனாவைவிடப் பெரிதா, காகத்தைவிடச் சின்னதா என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிறகு அலகு, வால், எங்கே உட்கார்ந்திருக்கிறது, என்ன செய்கிறது. நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. வெளிச்சம் மாறினால் நிறமும் மாறிவிடும்.

காகம் என்று ஒன்று மட்டும் இல்லை. நம் தெருவில் இரண்டு இருக்கின்றன. கழுத்தில் சாம்பல் பூசின மாதிரி இருப்பது ஊர்க்காகம். முழுக்கக் கறுத்து, அலகு தடித்து, குரலும் கரகரத்திருப்பது அண்டங்காக்கை. சாப்பிடும் முன் ஒரு பிடி சோற்றைக் கைப்பிடிச் சுவரில் வைக்கிற வீடுகளில் இந்தப் பாடத்தை உட்கார்ந்த இடத்திலேயே படிக்கலாம். யார் முதலில் வருகிறது, யாருக்கு யார் வழிவிடுகிறது, ஒன்று இறங்கி உண்ணும்போது இன்னொன்று எதிர்வீட்டு ஆன்டெனாவில் உட்கார்ந்து எதைப் பார்க்கிறது என்று ஒரு வாரம் கவனித்தால் போதும். தமிழ்க் குடும்பங்களில் பாட்டிகள் காலங்காலமாகச் செய்துவருவது பறவை நோக்கல்தான். நோட்டு மட்டும் போடவில்லை.

காகத்தைத் தெரிந்துகொண்டால் குயில் தானாக வரும். கூ... ஊ என்று ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏற்றிக்கொண்டே போகிற அந்தக் குரல் ஆணுடையது. ஆண் பளபளக்கும் கறுப்பு, கண் ரத்தச் சிவப்பு. பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தது. அது பாடாது, கிக்-கிக்-கிக் என்று அடுக்கடுக்காகக் கத்திக்கொண்டு மரத்துக்கு மரம் தாவும். முட்டையிடுவது காகத்தின் கூட்டில். தெருவில் காகங்கள் ஒரு பறவையை ஆத்திரத்தோடு துரத்திக்கொண்டு போவதைப் பார்த்தால் பல நேரம் துரத்தப்படுவது குயிலாக இருக்கும். துரத்தின அதே காகம் சில வாரம் கழித்து, சிறகடித்து வாயைப் பிளந்து கெஞ்சுகிற குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். கோடையின் பிற்பகுதியில் இந்தக் காட்சிக்காகவே நடக்கலாம்.

அடுத்தது தவிட்டுக்குருவி. புழுதி நிறம், மஞ்சள் அலகு, வெளிறிய கண், கலைந்த தலை. யாரும் நின்று பார்க்காத பறவை. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். எப்போதும் ஏழெட்டாகத்தான் திரியும். உதிர்ந்த சருகைப் புரட்டிப் பூச்சி தேடும்போது ஒன்று மட்டும் மேலே கிளையில் ஏறிக் காவல் நிற்கும். பூனையோ பாம்போ வல்லூறோ தென்பட்டால் அது போடுகிற கூச்சலில் மொத்தக் கூட்டமும் புதருக்குள் பாயும். அந்தக் கூச்சல் தவிட்டுக்குருவிக்கு மட்டுமானதல்ல. மைனா கேட்கும், அணில் கேட்கும், அவையும் சேர்ந்து கத்தும்.

இந்த அபாயக் குரலைப் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால் உங்கள் நடை வேறு மாதிரி ஆகிவிடும். சாதாரணப் பேச்சு எது, பசிக் கத்தல் எது, ஆபத்து எது என்று காது சொல்லும். தெருவே கூச்சலிட்டு ஒரே நொடியில் அடங்கினால் உடனே மேலே பாருங்கள், வல்லூறு தாழப் பறந்து போயிருக்கும். பட்டப்பகலில் நாலைந்து வகைப் பறவைகள் ஒரே மரப்பொந்தைப் பார்த்து நின்று கத்தினால் உள்ளே புள்ளி ஆந்தை இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்றும் கவனியுங்கள்: வல்லூறு போன இரண்டு மூன்று நிமிடத்தில் தவிட்டுக்குருவிகள் மறுபடி கீழே இறங்கிச் சருகைப் புரட்ட ஆரம்பித்துவிடும். காவல் மட்டும் மேலேயே இருக்கும்.

மனசுக்கு நல்லதா?

இதைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் எது தெரிந்திருக்கிறதோ அதை மட்டும் சொல்கிறேன். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு செயலி வழியாக மக்களிடம் நாளுக்குப் பலமுறை, இப்போது பறவையைப் பார்க்கிறீர்களா, குரல் கேட்கிறதா, மனநிலை எப்படி என்று கேட்டார்கள். 2022-இல் முடிவு வந்தது. பறவையைப் பார்த்த, கேட்ட நேரங்களில் மனநிலை சற்று மேலாக இருந்தது. அந்த மாற்றம் எட்டு மணி நேரம் வரை நீடித்தது. மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் சொன்னவர்களிடமும் இது தெரிந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வில் சுமார் 300 பேருக்கு ஆறு நிமிடம் பறவைக் குரல் அல்லது போக்குவரத்து இரைச்சல் கேட்கவைத்தார்கள். பறவைக் குரல் கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. ஆனால் சோர்வுணர்வு பறவைக் குரலால் குறையவில்லை. ஆக, படபடப்பு கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் யாராவது இதை மருந்தென்று விற்றால் வாங்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் பார்க்க வேண்டியது மருத்துவரை.

என் அனுபவத்தில் உதவுவது பறவையின் அழகல்ல, எண்ணுவது. “பாரு, எவ்வளவு அழகு, ரசி” என்று கலங்கின மனத்திடம் சொன்னால் அது முரண்டு பிடிக்கும். “அந்தக் கம்பியில எத்தனை?” என்று கேட்டால் எண்ணத் தொடங்கிவிடும். எண்ணி முடிப்பதற்குள் இரண்டு பறந்து போய் மூன்று வந்து உட்காரும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக் கடன் தவணை ஞாபகத்துக்கு வராது.

இதை எனக்கு முன்பே நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் ஜான் பக்ஸ்டன் என்கிற ஆங்கிலேயர். 1940-இல் நார்வேயில் நடந்த சண்டையில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டுப் போர் முடியும்வரை ஐந்து ஆண்டுகள் கைதி முகாம்களில் இருந்தார். பவேரியாவில் முள்வேலிக்குள் இருந்தபடி ரெட்ஸ்டார்ட் என்கிற சிவந்த வால் சிட்டு ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தார். சகக் கைதிகள் முறைவைத்து உதவினார்கள். ஒரே இணையை நூற்றுக்கணக்கான மணி நேரம் பார்த்து, எப்போது கூட்டுக்கு வந்தது, எப்போது போனது என்று கிடைத்த காகிதத்தில் எழுதினார்கள். அந்தக் குறிப்புகள் 1950-இல் அந்தப் பறவையைப் பற்றிய தனி நூலாகவே வந்தன. முகாமில் அவரோடு பறவை பார்த்தவர்களில் பீட்டர் காண்டர் பின்னாளில் பிரிட்டனின் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்கே தலைமை நிர்வாகியானார். ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் 1948-இல் ஃபேர் ஐல் தீவில் பறவை ஆய்வு நிலையம் அமைத்தார். கைதிக்கு வேறு இடம் போக வழியில்லை. ஒரே இடத்திலிருந்து ஒரே பறவையை அவ்வளவு நேரம் பார்க்க முடிந்ததும் அதனால்தான்.

செல்போன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ‘மெர்லின்’ செயலி இலவசம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், உங்கள் வட்டாரத்துக்கான பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். அதனால் கேட்டைத் தாண்டும்போதே மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பெயர் தேடப் போன விரல் செய்தித் தளத்துக்குப் போய்விட்டால் நடை அதோடு முடிந்தது. செயலி சொன்ன பெயரை அப்படியே நம்பவும் வேண்டாம், கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பறவைக் குரலைப் போனில் ஓடவிட்டு அதை வரவழைப்பது மட்டும் கூடவே கூடாது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது குஞ்சை விட்டுவிட்டு வரும்.

“யாரைப் பாக்குறீங்க?”

பதற்றமான காலத்தில் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிற ஆள்மேல் சந்தேகம் வருவது இயல்பு. ஒருநாள் பூவரசு மரத்தடியில் நின்றிருந்தபோது அபார்ட்மென்ட் காவலாளி வந்து கேட்டார்.

“என்ன சார், ரொம்ப நேரமா நிக்கிறீங்க? யாரைப் பாக்குறீங்க?”

“கிளி பாக்குறேன்ணே. அந்தப் பொந்துல கூடு வெச்சிருக்கு போல.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானும் அண்ணாந்து பார்த்தார். “அது கிளிக் கூடு இல்ல சார். கிளியைத் துரத்திட்டு மைனா வந்து ஒக்காந்துருச்சு, போன வாரமே.”

இரவும் பகலும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? அன்றிலிருந்து மரத்தைப் பார்க்கும் முன் அவரைப் பார்க்கிறேன். விடிவதற்கு முன் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற அக்காமார்களிடமும் கேளுங்கள். இந்த வருஷம் குயில் எப்போது கத்த ஆரம்பித்தது என்று எந்தச் செயலியைவிடவும் துல்லியமாகச் சொல்வார்கள்.

பைனாகுலர் வாங்குகிற கட்டம் வந்தால் 8×42 அளவு (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) எடுங்கள், தொடங்குகிறவர் கைக்கு அதுதான் நிற்கும். வீட்டு ஜன்னல், மாடி, குளியலறை இருக்கிற திசையில் அதைத் தூக்கவே கூடாது. பறவை அங்கே போய் உட்கார்ந்தால் விட்டுவிட வேண்டியதுதான். எங்கள் தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அதன் மதில் ஓரம் நடக்கும்போது பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிடுவதுகூட வம்பு, பைக்குள் போய்விட வேண்டும். பெண்கள் விடியற்காலையில் தனியாக ஒரு மரத்தடியில் நிற்பது நம் தெருக்களில் ஆண்களுக்கு இருப்பதுபோல் எளிதில்லை. துணைக்கு ஒருவரோடு போவது, வழியை வீட்டில் சொல்லிவிட்டுப் போவது என்று அவர்கள் கணக்குப் போடவேண்டியிருக்கிறது. இது நம் ஊரில் மட்டுமல்ல. 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கிறிஸ்டியன் கூப்பர் என்கிற கறுப்பினப் பறவை நோக்குநர் ஒரு பெண்ணிடம் நாயைக் கட்டிவைக்கச் சொன்னார். அவள் கறுப்பின ஆண் மிரட்டுகிறான் என்று போலீசுக்குப் போன் போட்டாள். சில நாளிலேயே அமெரிக்கக் கறுப்பினப் பறவை நோக்குநர்கள் தங்களுக்கென்று ‘பிளாக் பேர்டர்ஸ் வீக்’ என்ற சிறப்பு வாரம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

ஊரடங்கு உத்தரவோ கலவர பயமோ இருந்தால் தெருவுக்குப் போக வேண்டாம். ஜன்னலும் பேட்ச்தான்.

எழுதி வைப்பது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், வானிலை, பறவை, எண்ணிக்கை, ஏதாவது விசேஷம் இருந்தால் அது. ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

காலை 6.10 முதல் 6.50. இரவு மழை, இப்போது மூட்டம். காகம் 22, அண்டங்காக்கை 2, மைனா 9, தவிட்டுக்குருவி 7, கரிச்சான் 1 (டிரான்ஸ்பார்மர் கம்பி), தகைவிலான் 40-க்கு மேல், மடையான் 3 (தேங்கிய தண்ணீரில்). சின்னதாகப் பச்சையாக ஒன்று, தெரியவில்லை.

தகைவிலான் வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருவது. போன வாரப் பக்கத்தில் இல்லாதது இந்த வாரம் நாற்பது இருக்கிறது என்றால் அந்த ஏழு நாளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சமயத்தில் வந்து சேர்கிற இன்னொன்று ஆறுமணிக் குருவி. காலை, மாலை ஆறு மணிவாக்கில் கத்துவதால் அந்தப் பேர். பச்சை முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, வாலடியில் ரத்தச் சிவப்பு என்று யாரோ சாயம் பூசி விட்டதுபோல் இருக்கும். இரவில் பறந்து வருவதில் களைத்து, சென்னை வீடுகளுக்குள்ளும் பால்கனியிலும் விழுந்து கிடப்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. கண்டால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள். தெளிந்தால் மரம் செடி உள்ள இடத்தில் விட்டுவிடலாம், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

நோட்டில் இருப்பதை, பறவை பார்க்கிறவர்களின் பட்டியல்களைச் சேர்த்து வைக்கிற ‘ஈபேர்ட்’ இணையதளத்தில் ஏற்றினால் அது உங்களோடு நின்றுவிடாது. கிளம்பிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், பார்த்த எல்லா வகைப் பறவைகளும் வேண்டும். பிடித்ததை மட்டும் போடாமல் காகத்தையும் போட வேண்டும், ஏனென்றால் பட்டியலில் இல்லாததும் ஒரு தகவல். இப்படிப் பொதுமக்கள் ஏற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்துத்தான் 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய முதல் அறிக்கை வந்தது. சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று ஊரே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது, நாடு முழுவதுமாகப் பார்த்தால் அதன் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அந்த அறிக்கை காட்டியது. செல்போன் டவர்தான் காரணம் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றும் சொன்னது. ஓட்டுவீடும் வாசல் முற்றமும் புழுவுள்ள மண்ணும் போய்க் கண்ணாடிக் கட்டடம் வந்ததைப் பேசாமல் டவரைத் திட்டுவது நமக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏற்றிப் பழக நல்ல சமயம் தை மாதம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதிவுக் கட்டணம் கிடையாது, நிபுணராக இருக்க வேண்டியதும் இல்லை. வீட்டு மாடி, வயல் வரப்பு, கோயில் குளம் என்று எங்கிருந்தாவது குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ணி அனுப்பினால் போதும். கூட்டமாகப் பறந்தால் பத்துப் பத்தாகக் கணக்கிட்டுத் தோராயமாகப் போடலாம். அடையாளம் தெரியாத பறவைக்கு ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள், தெரியவில்லை என்று நோட்டில் எழுதி விட்டுவிடுங்கள்.